ஸ்கேன் செய்தால் சிங்கள எழுத்துகள் வருகின்றன, சில லேபல்கள் வாசிக்கப்படுவதே இல்லை: உதவி தேவை

கேள்வி (களஞ்சியப் பொறுப்பாளர், பேலியகொடை)

அனைவருக்கும் வணக்கம். ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பொத்தான், ஸிப், தையல் நூல் ஆகியவற்றை வழங்கும் களஞ்சியசாலை ஒன்றின் இருப்புக் கணக்கு என் பொறுப்பில் உள்ளது. பெட்டிகளில் கோட் 128 வகைப் பார்கோட் லேபல் ஒட்டி, பொருள் உள்ளே வரும்போதும் லொறியில் ஏற்றும்போதும் யூ.எஸ்.பி ஸ்கேனரால் வாசித்து எக்செல் தாளில் பதிகிறோம். மூன்று ஆங்கில எழுத்து, ஐந்து இலக்கம், இறுதியில் ஓர் எழுத்து, நடுவே இரண்டு சிறு கோடுகள் என எங்கள் குறியீடு மொத்தம் 11 இடங்களைக் கொண்டது.

வாயிலில் உள்ள கணினியில் சில வேளைகளில் இலக்கங்கள் சரியாக இருக்க, எழுத்துகள் மட்டும் சிங்களத்தில் பதிவாகின்றன. அதே லேபலை அலுவலகக் கணினி பிழையின்றி வாசிக்கிறது. மற்றது, 38 மி.மீ. அகல லேபல்களில் பல, பார்வைக்குத் தெளிவாக இருந்தும் ஸ்கேனருக்குப் பிடிபடுவதில்லை. தகரக் கூரையை ஒட்டிய மேல் தட்டுகளில் இருப்பவையோ முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டன. பிரிண்டர் 203 டி.பி.ஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளிகள்) வகை, ரிப்பன் (மை நாடா) இல்லாதது. விலை கூடிய ஸ்கேனர் வாங்கும்படி விற்பனையாளர் சொல்கிறார். நிர்வாகத்திடம் பணம் கேட்குமுன் காரணத்தை உறுதிசெய்ய விரும்புகிறேன்.

பதில் 1 (கணினிப் பராமரிப்பாளர், கொட்டாஞ்சேனை)

ஐயா, ஸ்கேனரை மாற்ற அவசரப்பட வேண்டாம். யூ.எஸ்.பி ஸ்கேனர்களில் பெரும்பாலானவை கணினிக்குத் தம்மை ஒரு விசைப்பலகையாகவே காட்டிக்கொள்கின்றன. எந்த எழுத்து என்பதை அவை அனுப்புவதில்லை, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதையே அனுப்புகின்றன. வாயிலில் இருப்பவர் சாரதியின் பெயரைச் சிங்களத்தில் தட்டச்சு செய்துவிட்டு மொழியை மாற்றாமல் ஸ்கேன் செய்தால், அந்த விசைகளுக்குரிய சிங்கள எழுத்துகளே விழும். இலக்க விசைகள் அங்கும் அப்படியே இருப்பதால் இலக்கங்கள் மட்டும் தப்பிவிடுகின்றன.

நோட்பேடைத் திறந்து, ஒரே லேபலை முதலில் ஆங்கில உள்ளீட்டிலும் பின்னர் சிங்கள உள்ளீட்டிலும் வாசித்துப் பாருங்கள். அங்கும் இதே வேறுபாடு தெரிந்தால் ஸ்கேனரிலும் எக்செலிலும் குறையில்லை. வின்டோஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி உள்ளீட்டு மொழியை வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆயினும் உங்கள் பதிவில் பெயரும் குறியீடும் ஒரே தாளில் இருந்தால் அது முழுத் தீர்வாகாது. குறியீட்டை இலக்கங்களாக மட்டுமே அமைப்பதுதான் நிலையான வழி.

பதில் 2 (லேபல் அச்சிடுபவர், கிராண்ட்பாஸ்)

இலக்கங்களுக்கு மாறும்படி மேலே சொல்லியிருப்பது உங்கள் இரண்டாவது தொல்லைக்கும் மருந்தாகும். கோட் 128இல் உங்கள் குறியீட்டின் ஒவ்வோர் இடத்துக்கும் 11 அலகு அகலம் தேவை (அலகு என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம்). தொடக்கக் குறி, சரிபார்ப்புக் குறி, முடிவுக் குறி மூன்றும் சேர்ந்து 35 அலகு. ஆகவே உங்கள் 11 இடக் குறியீட்டுக்கு 156 அலகு வேண்டும். இரு பக்கமும் பத்துப் பத்து அலகு வெற்றிடம் விட வேண்டியிருப்பதால் மொத்தம் 176. 203 டி.பி.ஐ பிரிண்டர் ஒரு மில்லிமீற்றருக்கு 8 புள்ளிகள் அச்சிடும். ஓர் அலகுக்கு இரண்டு புள்ளிகள் என்று வைத்தாலே 44 மி.மீ. ஆகிவிடும். அதை 38 மி.மீ. லேபலுக்குள் அடக்குவதற்காக மென்பொருள் அலகைச் சுருக்குகிறது. பிரிண்டரால் அரைப் புள்ளி அச்சிட இயலாது என்பதால், சம அகலமாக இருக்க வேண்டிய கோடுகளில் சில ஒரு புள்ளியாகவும் சில இரண்டாகவும் விழுகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது, ஸ்கேனருக்கோ குழப்பம்.

இலக்கங்கள் மட்டும் இருந்தால் கோட் 128 இரண்டு இலக்கங்களை ஒரே 11 அலகில் அடக்கிவிடும். பத்து இலக்கத்துக்கு 90 அலகு, வெற்றிடத்துடன் 110. ஓர் அலகுக்கு இரண்டு புள்ளிகள் வைத்தாலும் 27.5 மி.மீ.தான். உங்களிடம் இருக்கும் அதே லேபலில் தாராளமாக அடங்கும். இழுத்துச் சுருக்கி அளவு மாற்றாமல், அலகின் அகலத்தை இரண்டு புள்ளிகள் என மென்பொருளிலேயே குறிப்பிடுங்கள்.

சாம்பல் நிறமான லேபல்கள் வேறு கதை. ரிப்பன் இல்லாத பிரிண்டருக்கான தாள் சூட்டில் கறுப்பதற்கென்றே பூச்சிடப்பட்டது. தகரக் கூரையின் கீழ் அது நிலைக்காது. ரிப்பன் மூலம் அச்சிடும் பிரிண்டருக்குச் செலவிடுவதுதான் நியாயமான செலவு. லேபலின் மேல் எவராவது ஒளிபுகும் பசை நாடா ஒட்டுகிறார்களா என்றும் பாருங்கள். இவ்வகைத் தாளில் அந்தப் பசையே அச்சை மங்கச் செய்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நோட்பேடிலும் அதே வேறுபாடுதான் தெரிந்தது. ஈரம் படாமலிருக்கப் பெட்டியின் மூலையைச் சுற்றி நாடா ஒட்டும் பழக்கமும் இங்கே உண்டு. நாடாவின் ஓரம் லேபலைக் கடக்கும் இடத்தில் கோடுகள் பாதியாக மங்கியிருப்பதை இன்று கண்டேன். இனி இலக்கக் குறியீடு என்றால், 479 என்று தொடங்கும் 13 இலக்க எண்களையே பயன்படுத்தலாம் என்கிறார் சக ஊழியர் ஒருவர். அது சரியா?

பதில் 2

வேண்டாம். 479 என்பது, பார்கோட் எண்களை உலகளவில் ஒதுக்கும் ஜீ.எஸ்.1 அமைப்பு இலங்கைக்கு ஒதுக்கிய முன்னொட்டு. பதிவு செய்து பெறாமல் அதை நாமாகவே அச்சிட்டால் இன்னொரு நிறுவனத்தின் பொருளோடு மோதக்கூடும். களஞ்சியத்துக்குள் மட்டும் புழங்கும் பெட்டிக்கு உங்கள் சொந்தப் பத்து இலக்கமே போதும்.

பதில் 1

அந்த எண்ணைப் பூச்சியத்தில் தொடங்க வேண்டாம். எக்செல் முன்னால் நிற்கும் பூச்சியத்தை விழுங்கிவிடும். பழைய குறியீட்டை அழிக்காமல் அடுத்த நிரலில் வைத்து, பெட்டி கைக்கு வரும் ஒழுங்கில் புதிய லேபலை ஒட்டி வாருங்கள். வாசிக்க முடியாத மேல் தட்டுப் பெட்டிகளை மட்டும் காத்திருக்காமல் இந்தக் கிழமையே முடித்துவிடுவது நல்லது.