கேரமல் கஸ்டர்டில் மிளகும் அன்னாசிப்பூவும்: சேர்க்கலாமா, கூடாதா?

பட்டைச்சுருள்:
இத்தனை நாள் வெனிலா மட்டும் போட்டுத்தான் கேரமல் கஸ்டர்ட் செய்துவந்தேன். இந்த முறை அரை லிட்டர் பாலில் ஒரு அன்னாசிப்பூ, சின்னத் துண்டு பட்டை, ஒன்றிரண்டாகத் தட்டிய 10 மிளகு போட்டுச் சூடாக்கி, அடுப்பை அணைத்து 20 நிமிடம் மூடி வைத்தேன். வடிகட்டி 4 முட்டை, 80 கிராம் சர்க்கரை கலந்து வழக்கம்போல வேகவைத்தேன். வாயில் வைத்ததும் இனிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய காரம். இனி வெனிலா பக்கமே போகப்போவதில்லை.

வெறும்பால்:
எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரை கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தினால் ஒரு கசப்பு வருமே, இந்த இனிப்பின் உயிரே அதுதான். அன்னாசிப்பூ விழுந்த இடத்தில் அந்தக் கசப்பு எடுபடாது.

இன்னொன்று. முட்டை வாடை அடிக்கிறது என்றுதான் பலர் மசாலாவைத் தேடுகிறார்கள். சூடு மீறினால்தான் அந்த வாடை வரும். கஸ்டர்டின் நடுப்பகுதி 80 டிகிரியைத் தொட்டதும் எடுத்துவிட்டால் மறைக்க ஒன்றுமே இருக்காது.

பட்டைச்சுருள்:
சூடு பற்றிச் சொன்னது சரி. ஆனால் நான் எதையும் மறைக்கப் போடவில்லை. நீங்கள் போடும் வெனிலாவும் ஒரு காலத்தில் புது வரவுதானே? 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து ஸ்பானியர் கொண்டுபோன பிறகுதான் ஐரோப்பாவுக்கே அது தெரியும். ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் செய்யும் கிரேமா கட்டலானா என்ற கஸ்டர்டில் பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுத்தான் பாலைக் காய்ச்சுகிறார்கள்.

வெறும்பால்:
அது வேறு பண்டம். மாவுச்சத்து சேர்த்து அடுப்பிலேயே கெட்டியாக்கி, மேலே சர்க்கரை தூவிக் கருக்குவது. அந்தக் கனத்துக்குப் பட்டை தாங்கும். கவிழ்த்தால் நடுங்கி நிற்கும் கஸ்டர்டுக்குத் தாங்காது. ஒரு வீட்டில் பட்டைத்தூளை அப்படியே கலந்து செய்திருந்தார்கள். தூள் முழுக்க அடியில் தங்கி, கவிழ்த்தபோது மேலே ஈரமண் பூசியதுபோல வந்தது. நாக்கில் நறநறவென்று இருந்தது.

புதுக்கரண்டி:
நடுவில் ஒரு சந்தேகம். நான் பச்சை இஞ்சியைத் துருவி வெதுவெதுப்பான பாலில் போட்டேன். பால் திரிந்துவிட்டது. பால் கெட்டுப்போயிருந்ததா?

பட்டைச்சுருள்:
பால் மேல் தப்பில்லை. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. சீனாவின் கான்டன் பக்கம் முட்டையே இல்லாமல் இஞ்சிச் சாறில் சூடான பாலை ஊற்றி உறையவைப்பது இதை வைத்துத்தான். இஞ்சியை முதலில் கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பாலில் சேருங்கள். நொதி அடங்கிவிடும்.

வெறும்பால், தூள் கலப்பதை நானும் ஏற்கமாட்டேன். முழுசாகப் போட்டு ஊறவிட்டு வடிகட்டினால் வாசம் மட்டும்தான் பாலில் நிற்கும். ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெறும்பால்:
இன்று ஒரே பாலை மூன்றாகப் பிரித்துச் செய்தேன்: மிளகு மட்டும், அன்னாசிப்பூ மட்டும், எதுவும் இல்லாதது. மிளகை ஒப்புக்கொள்கிறேன். கேரமலின் கசப்பு மங்கவில்லை, அதன் பின்னாலேயே காரம் வந்தது. அன்னாசிப்பூ போட்டதில் பாகின் ருசியே தெரியவில்லை. அதில் என் பேச்சு மாறாது.

பட்டைச்சுருள்:
முழுப் பூவா போட்டீர்கள்? மூன்றில் ஒரு பங்கு பாலுக்கு இரண்டு இதழ் போதும். அதை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.