தேட்டமரபு வேண்டாம், குறிவழியுரிமை

ஐயாவுக்கு வணக்கம்.

டி.என்.ஏ வரிசை மாறாமலே ஒரு மாற்றம் விதைவழியாகப் பல தலைமுறை போவதற்கு நீங்கள் தந்த 'தேட்டமரபு' என்ற சொல்லை இரண்டு நாளாக யோசித்தேன். எங்கள் மனத்தில் உடனே ஒட்டும் சொல். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் பெற்றார் தேடிய தேட்டம் பிள்ளைக்கு முதுசமாகிறதல்லவா (பரம்பரைச் சொத்தாகிறதல்லவா)? ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

தேட்டம் என்றால் தாய்ச்செடி தன் வாழ்நாளில் பட்டறிந்து சேர்த்தது என்றாகிவிடும். லின்னேயஸ் 1744இல் 'பெலோரியா' எனப் பெயரிட்டு விவரித்த லினாரியாப் பூவை எடுங்கள். இருபக்கச் சமச்சீராக இருக்கவேண்டிய பூ, சுற்றிவர ஒரேமாதிரி, ஆரைச் சமச்சீராக நின்றது. பூவின் வடிவை ஆளும் பரம்பரையலகு (மரபணு), மெதைல் என்ற வேதிக்குறி ஏறி அடங்கிக் கிடப்பது 1999இல் தெரியவந்தது. செடி எதையோ பட்டதால்தான் அது ஏறியது என்பதற்கு ஆதாரமில்லை. மறுபக்கம், குளிர் கண்டு பூக்கும் அரபிடொப்சிஸ் என்ற சிறு செடி, அந்தக் குளிர் தன் பரம்பரையலகில் இட்ட குறியை முளையத்திலேயே அழித்துவிடுகிறது. பட்டது உண்மை, பிள்ளைக்குப் போகவில்லை.

தம்பலகாமத்தில் வயல் செய்யும் என் மாமா, "உவர் கண்ட நெல்லின்ர விதை உவருக்குப் பழகியிருக்குமோ?" என்று கேட்டவர். தேட்டமரபு என்று நான் சொன்னால் "ஓம், அப்ப பழகும்" என்று அடுத்த போகத்துக்கு அதையே விதைப்பார். சொல்லே தவறான விடையைக் கொடுத்துவிடக்கூடாது.

ஆகவே 'குறிவழியுரிமை'. குறி இருக்கிறது, அது வழிவழி போகிறது. யார் இட்டது என்று சொல் பேசவில்லை. எங்கள் பாடநூலிலுள்ள தலைமுறையுரிமை, பிறப்புரிமையியல் (மரபியல்) ஆகியவற்றோடும் இது சேர்ந்து நிற்கும். 'மேற்குறி' என்றும் எண்ணினேன். வசனத்தில் வந்தால் 'மேற்குறித்த' என்று வாசித்துவிடுவார்கள்.

உயர்தர வகுப்பில் இதை நான் புள்ளியால் விளக்குவேன். 'க'வுக்கு மேல் புள்ளி வைத்தால் அகரம் அடங்குகிறது, கீழே எழுத்து அதேதான். ஓலையில் படியெடுத்தவர்கள் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். பாலூட்டிகளும் பெரும்பாலான குறிகளைத் துடைத்துவிட்டே அடுத்த தலைமுறையைத் தொடங்குகின்றன. தாவரத்தில் பல இடங்களில் துடைப்பு நடப்பதில்லை. டி.என்.ஏ இரட்டிக்கும்போதெல்லாம் மெட்-1 என்ற நொதியம் பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையிலும் மெதைலை இடுகிறது. புள்ளியோடு படியெடுக்கும் எழுத்தர் அது.

இச்சொல்லை ஏற்றால் பெலோரியாவைக் 'குறிவிகாரம்' எனலாம்; மியூட்டேசனை எங்கள் பாடநூல் விகாரம் என்றுதானே சொல்கிறது. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு விகாரம் என்றால் அருவருப்பு முந்திவருமோ? அவர்கள் எழுதட்டும்.

திருகோணமலையிலிருந்து,
ஓர் உயிரியல் ஆசிரியை