குடும்பவியல் படிப்பும் ஆறாம் பிரிவும்

பழைய வக்கீல்: மனையியலில் குடும்பவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகர் வேலை உறுதி என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 1984ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தை ஒருமுறை புரட்டியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். ஆலோசகர்களின் எண்ணிக்கையையும் வகையையும் உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாநில அரசு முடிவு செய்யும் என்கிறதே தவிர, ஆறாம் பிரிவு எந்தப் பட்டத்தையும் கேட்கவில்லை.

மனையியல் மாணவி: எழுதியவள் நான்தான், ஐயா. 'வாய்ப்பு உண்டு' என்று எழுதியதை 'உறுதி' என்று திரித்ததற்கு நன்றி. ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் கல்வித் தகுதி கேட்கிறார்களா இல்லையா என்று பாருங்கள்.

பழைய வக்கீல்: சட்டத்தைக் கேட்டால் அறிவிப்பைக் காட்டுகிறீர்கள். ஆறாம் பிரிவில் பட்டம் உண்டா, இல்லையா?

சமூகப்பணியாளன்: பன்னிரண்டாம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள், குடும்ப நலனுக்காகத் தொழில்முறையில் உழைப்பவர்களின் உதவியை நீதிமன்றம் பெறலாம் என்கிறது. பயிற்சிக் காலத்தில் ஓர் ஆலோசனை அறையில் உட்கார்ந்திருந்தேன். கணவனும் மனைவியும் ஒரு மணி நேரம் நகைப் பட்டியலைப் பற்றியே வாதாடினார்கள். பையனைச் சனிக்கிழமை பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று மூத்த ஆலோசகர் கேட்ட பிறகுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தக் கேள்வியை எந்த நேரத்தில் கேட்பது என்பதற்குத்தான் படிப்பு.

பழைய வக்கீல்: அதே பன்னிரண்டாம் பிரிவு, அப்படி உதவ வருபவர் கட்சிக்காரருக்கு உறவினராகவும் இருக்கலாம் என்கிறதே! தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது?

மனையியல் மாணவி: வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையாகாது என்று பதின்மூன்றாம் பிரிவு சொல்வதால்தான் ஐயாவுக்கு இந்தச் சட்டத்தின் மேல் இவ்வளவு கோபம் போலிருக்கிறது.

பழைய வக்கீல்: தேவைப்பட்டால் சட்ட வல்லுநரின் உதவியை நீதிமன்றம் நாடலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது, அம்மணி. பாதிப் பிரிவைப் படித்துவிட்டு வாதாட வருவது உங்களுக்குப் புதிதல்ல. சென்ற மாதம் ஜீவனாம்ச விவாதத்திலும் பாதியில்தான் காணாமல் போனீர்கள்.

மனையியல் மாணவி: அன்று எனக்குத் தேர்வு இருந்தது. நீதிமன்ற வாய்தாவைப் போலத் தேர்வைத் தள்ளி வைக்க முடியாது.

திண்ணைவாசி: நீதிமன்றத்தை விட்டால் வேறு வேலையே இல்லையா? பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் என்று ஆலோசகர்கள் பணிபுரியும் இடங்கள் பல இருக்கின்றனவே.

பழைய வக்கீல்: இருக்கட்டும், அதற்கும் ஆறாம் பிரிவுக்கும் என்ன தொடர்பு? பட்டம் என்ற சொல் அதில் எந்த வரியில் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் காட்டவில்லை.