படுக்கையறையில் புளோயர் ரீங்காரம்: அளவுமானி சொன்னால் போதுமா?

மூன்றாம் தளத்துக்காரர் (ஒயிட்ஃபீல்டு):
எங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே, அடித்தளத்தில் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்றை ஊதும் அதன் புளோயர் இரவு முழுவதும் ஓடுகிறது. பகலில் தெருச் சத்தத்தில் மறைந்துவிடும் அந்த ரீங்காரம், இரவு பதினொரு மணிக்கு மேல் தலையணைக்குள்ளிருந்து வருவதைப் போலக் கேட்கிறது. காதில் பஞ்சு வைத்தால் மற்ற ஒலிகள் அடங்கி இது மட்டும் எஞ்சுகிறது. சங்கத்தினர் அளவுமானியில் 41 டெசிபல் என்று பார்த்துவிட்டு, சட்டம் 45 வரை அனுமதிப்பதாகக் கூறிச் சென்றுவிட்டார்கள். இனி என்ன செய்வது?

வேறொரு சங்கத்தின் பொருளாளர் (எலெக்ட்ரானிக் சிட்டி):
அவர்கள் கூறியது சட்டப்படி சரியே. ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலை வரம்பாக வைத்துள்ளன; அதை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறும்போது புகார் அளிக்கலாம் என்கின்றன. புளோயரை இரவெல்லாம் நிறுத்தவும் இயலாது. காற்று கிடைக்காமல் தொட்டியின் நுண்ணுயிரிகள் நலிந்தால் எழும் நாற்றத்துக்கு அத்தனை வீட்டாரும் சங்க அறை வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்கும் ஒலிக்காக அனைவரின் பராமரிப்புப் பணத்தையும் செலவிடச் சொல்வது நியாயமா?

இயந்திரவியல் பொறியாளர் (ராமமூர்த்தி நகர்):
பொருளாளர் ஐயா குறிப்பிடும் 45 வெளிப்புறச் சூழலுக்கான வரம்பு. படுக்கையறைக்கு உலக சுகாதார நிறுவனம் 1999இல் பரிந்துரைத்தது 30. தாழ்ந்த சுருதி ஒலிகள் மிகுந்த இடத்தில் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அது கூறியது.

அதைவிட முக்கியமானது, அந்த மானி எதை அளந்தது என்பது. நிமிடத்துக்கு 1,450 சுற்று சுழலும் இரட்டை மடல் புளோயர் (தலா இரண்டு மடல்கள் கொண்ட இரு சுழலிகள் உள்ளது), ஒவ்வொரு சுற்றிலும் நான்கு முறை காற்றைத் தள்ளுவதால் ஏறத்தாழ 97 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். வழக்கமான 'ஏ' அளவீடு 100 ஹெர்ட்ஸ் அருகே சுமார் 19 டெசிபலைக் கழித்துவிட்டே எண்ணைக் காட்டுகிறது. ஆகவே அதே இடத்தில், தாழ்ந்த சுருதியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவீட்டையும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 20 டெசிபலுக்கு மேல் வேறுபாடு இருந்தால் தாழ்ந்த சுருதி ஒலியே மேலோங்கியிருக்கிறது எனலாம். கைபேசிச் செயலியை இதற்கு நம்ப வேண்டாம்.

ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்பதிலும் வியப்பில்லை. 97 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். அறையின் நீளமும் அதுவே என்றால் சுவரோரத்திலும் நடுவிலும் ஒலி ஓங்கி, கால்பங்குத் தொலைவில் தணியும். தலைமாட்டைச் சுவரிலிருந்து முக்கால் மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக நகர்த்திப் படுத்துப் பாருங்கள்.

அல்சூர்வாசி:
பொறியாளரின் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் எல்லா ரீங்காரத்துக்கும் இயந்திரம் கிடைப்பதில்லை. 1970களில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பலர் இத்தகைய ஒலியைக் கேட்டதாகக் கூறியும் ஐயமற்ற மூலம் ஒன்று நிறுவப்படவில்லை. காதிரைச்சலாகவும் இருக்கலாம் என்பதால் காது மருத்துவரை முதலில் பாருங்கள். ஒலியை வேட்டையாடும் மனம் உறங்காது. மின்விசிறியை ஓடவிடுவதும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பலருக்கு உதவுகின்றன.

மூன்றாம் தளத்துக்காரர்:
மருத்துவரைப் பார்க்க மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய ரீங்காரத்தைக் கேட்டதாகக் கூறிய கனடாவின் வின்ட்சர் மக்களையும் பல ஆண்டுகள் ஐயத்தோடுதான் பார்த்தார்கள். ஆற்றுக்கு அப்பால் ஜக் தீவிலிருந்த எஃகு ஆலை உலைகள் 2020இல் நின்றதும் ஒலியும் நின்றது. என்னைப் பழகச் சொல்வதற்கு முன் இயந்திரத்தை ஒருமுறை திறந்து பார்க்கலாமே!

பொருளாளர்:
அப்படியானால் சோதித்துவிடலாம். உங்களிடம் நேரம் கூறாமல் இரவில் அரை மணி நேரம் புளோயரை நிறுத்துவார்கள். அதனால் தொட்டிக்குக் கேடில்லை. ஒலி நின்ற நேரத்தையும் தொடங்கிய நேரத்தையும் நீங்கள் எழுதிவையுங்கள். பொருந்தாவிட்டால் புகாரைக் கைவிட வேண்டும்.

பொறியாளர்:
நல்ல சோதனை, ஆனால் ஒரே இரவோடு முடிக்காமல் சில இரவுகள் செய்யுங்கள். பொருந்தினால் புளோயரின் அடியில் அதிர்வுதாங்கிகள், குழாயில் நெகிழ் இணைப்பு, குழாய் சுவரைத் தொடும் இடங்களில் ரப்பர் பட்டை என்ற வரிசையில் சரிசெய்யுங்கள். வேகக்கட்டுப்பாட்டுக் கருவி வாங்க அவசரப்பட வேண்டாம். வேகம் குறைந்தால் சுருதியும் தாழ்ந்து, இப்போது அமைதியாக இருக்கும் வேறொரு அறையில் போய் ஒலிக்கக்கூடும்.

மூன்றாம் தளத்துக்காரர்:
சோதனைக்குச் சம்மதம். சுவிட்சு யார் கையில் இருக்கும் என்பதையும், பொருந்தினால் எத்தனை நாட்களுக்குள் பணி தொடங்கும் என்பதையும் எங்கள் சங்கத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குகிறேன்.