உப்பு வாங்க வேண்டாம், சித்தி

[காலை 7:12] சுந்தரி சித்தி: மீனா, ஒரு மெசேஜ் சுற்றுகிறது. கல்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் அயோடின் உப்பை நிறையச் சாப்பிட்டால் கதிர்வீச்சு தாக்காதாம். உன் சித்தப்பா 10 கிலோ வாங்கக் கிளம்பிவிட்டார்.

[7:14] கார்த்திக்: அங்கே ஏதாவது நடந்ததா சித்தி?

[7:15] சுந்தரி சித்தி: ஒன்றுமில்லைப்பா. அணு உலை விபத்து ஒத்திகை வரப்போகிறது என்றார்கள், அதிலிருந்து இந்தப் பேச்சுதான்.

[7:31] மீனா: சித்தி, முதலில் சித்தப்பாவைத் திரும்பக் கூப்பிடுங்கள், அவருக்கு பிபி இருக்கிறது. அணு உலை விபத்தின்போது பெரியவர்களுக்குக் கொடுக்கிற பொட்டாசியம் அயோடைடு மாத்திரை 130 மில்லிகிராம், அதில் அயோடின் மட்டும் சுமார் 100. கடை உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் ஒரு மாத்திரைக்கு ஈடாக ஆறு கிலோவுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும். உப்பே ஆளைக் கொன்றுவிடும்.

[7:33] கார்த்திக்: அப்போ மாத்திரையையே வாங்கி வைத்துவிடலாமா அக்கா?

[7:40] மீனா: அந்த மாத்திரை தைராய்டை மட்டும்தான் காக்கும் கார்த்தி, அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும். தைராய்டு நல்ல அயோடினால் நிரம்பிவிட்டால் பின்னால் வருவதற்கு இடமிருக்காது. அதனால் காற்றில் அது வந்து சேருவதற்குச் சற்று முன்போ, வந்த ஓரிரு மணி நேரத்திலோ சாப்பிட வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்களுக்குத்தான் முதலில். நாற்பது தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுத்தது.

[7:42] சுந்தரி சித்தி: மற்றதற்கெல்லாம் மருந்தே இல்லையா?

[7:55] மீனா: இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. 1987இல் பிரேசிலின் கொயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவக் கட்டடத்திலிருந்த புற்றுநோய் சிகிச்சைக் கருவியைப் பழைய இரும்புக்காக எடுத்துப்போய் உடைத்தார்கள். உள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளை அழகென்று நினைத்து உறவினர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தார்கள். எப்போது படித்தாலும் மனம் கனத்துவிடும். அங்கே அயோடின் மாத்திரையால் ஒரு பயனும் இல்லை. 46 பேருக்குக் கொடுத்தது பிரஷ்யன் ப்ளூ. ஓவியர்களின் நீலச் சாயம்தான், மருந்துத் தரத்தில் செய்தது. குடலில் சீசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். உடலில் சீசியம் பாதியாகக் குறைய சுமார் 110 நாள் ஆகும், இதைச் சாப்பிட்டால் 30 நாள்.

[7:57] கார்த்திக்: புளூட்டோனியம்?

[7:59] மீனா: அதற்கு டிடிபிஏ என்ற மருந்து ஊசி, புளூட்டோனியத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். கதிர்வீச்சால் எலும்பு மஜ்ஜை பாதித்தால், வெள்ளை அணுக்களைப் பெருக்கும் ஃபில்கிராஸ்டிம். கீமோ எடுப்பவர்களுக்கு எங்கள் வார்டில் போடுகிற அதே ஊசி.

[8:03] சுந்தரி சித்தி: இங்கே பாப்பா இருக்கிறாளே, ஒன்றரை வயது. அவளுக்கு?

[8:06] மீனா: 32 மில்லிகிராம், அதாவது கால் மாத்திரை. பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கலாம். ஆனால் அதிகாரிகள் சாப்பிடச் சொன்னால் மட்டும்தான் சித்தி. சும்மா கொடுத்தால் அவளுடைய தைராய்டு கெட்டுப்போகலாம். சைரன் கேட்டால் முதலில் எல்லோரும் உள்ளே போய் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள்.

[8:20] சுந்தரி சித்தி: சரிம்மா. சித்தப்பா வெறுங்கையோடு திரும்பிவிட்டார். நீ எழுதியதைப் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன், அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது.