சந்தேகத்தின் பேரில் போர் தொடுக்கலாமா? இராக்கின் அலுமினியக் குழாய்கள் பற்றி ஒரு கேள்வி

வாசுகி (தஞ்சை)

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் வரும் ஞாயிறு பட்டிமன்றம். அணு ஆயுதம் செய்கிறார்கள் என்று சந்தேகம் எழுந்தால், ஆபத்து முற்றும் முன்பே தாக்குவது சரியா தவறா என்பது தலைப்பு. ‘சரி’ என்ற அணியில் என்னைப் போட்டிருக்கிறார்கள். நான் ஈரானை வைத்துப் பேசலாம் என்றிருக்கிறேன். எதிரணிக்காரர் 2003 இராக்கைத்தான் எடுப்பார். அப்போது நான் ஆறாம் வகுப்பு. கடைசியில் அங்கே அணுகுண்டு எதுவும் கிடைக்கவில்லை என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். போருக்கு முன்பு அவர்கள் கையில் என்னதான் இருந்தது? வெறும் வாய்ப்பேச்சா, நம்பத்தக்க ஆதாரமா? ‘அலுமினியக் குழாய்’ என்று எங்கோ படித்தேன். ஒரு குழாயைக் காட்டியா ஒரு நாட்டின் மீது படையெடுத்தார்கள்? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேத் முத்து

சகோதரி, குழாய் என்று பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் லேத் ஓட்டிப் பிழைத்தவன். கோவையில் தொழில் பழகி, 2001-இல் குவைத் போய், ஷுஐபா தொழிற்பகுதியில் ஒரு மெஷின் ஷாப்பில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அந்தப் போரைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவன்.

2002 செப்டம்பர் 8-ஆம் தேதி அமெரிக்க நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தில், அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்ட இராக் அலுமினியக் குழாய் வாங்கப் பார்க்கிறது என்ற செய்தி வந்தது. அன்றைக்கே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் அதை எடுத்துப் பேசினார். பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ், ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரம் வேண்டும் என்று காத்திருந்தால் அது அணுகுண்டு வெடித்த காளான் மேகமாக வந்து நிற்கலாம் என்ற பொருளில் எச்சரித்தார். காளான் மேகம் என்று கேட்ட பிறகு யார் குழாயின் கனத்தைப் பற்றிக் கேட்பார்கள்?

நான் அதைத்தான் கேட்பேன். 2001-இல் ஜோர்டானில் மடக்கிப் பிடித்த அந்தக் குழாய்களின் விட்டம் 81 மி.மீ., நீளம் 900 மி.மீ., சுவர்க் கனம் 3.3 மி.மீ. உலோகம் 7075-டி6, துத்தநாகம் கலந்த கெட்டி அலுமினியம். இந்த ரகத்தை நான் எத்தனையோ முறை கடைந்திருக்கிறேன். சாதா அலுமினியம் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும். இது ஒட்டாது, சுத்தமாகச் சீவி வரும், பரப்பு பளபளவென்று நிற்கும். ஆனால் வெல்டிங் மட்டும் ஏற்காது. வைத்த இடத்தின் ஓரத்திலேயே மயிரிழை போல வெடிப்பு ஓடிவிடும்.

யுரேனியத்தைச் செறிவூட்டும், அதாவது அதில் குண்டுக்கு உதவும் வகையின் பங்கைக் கூட்டும், சென்ட்ரிஃபியூஜ் என்பது பயங்கர வேகத்தில் சுழலும் ஓர் உருளை. அந்த வேகத்துக்குச் சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இந்தக் குழாய் அதைப்போல மூன்று மடங்கு கனம், விட்டமும் போதாது. மேலே அரிப்பைத் தடுக்கும் ஆனோடைஸ் பூச்சு வேறு, சென்ட்ரிஃபியூஜுக்கு என்றால் அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். இதையெல்லாம் சொன்னவர்கள் அமெரிக்க எரிசக்தித் துறையின் சொந்த நிபுணர்கள். ஆயுள் முழுதும் சென்ட்ரிஃபியூஜோடு பழகியவர்கள். வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் மறுத்தது. ஆனால் 2002 அக்டோபரில் பொதுமக்களுக்கு வெளியிட்ட அறிக்கையில், ‘சிலர் வேறு விதமாக நினைக்கிறார்கள்’ என்ற அளவில் ஒரு வரிதான் வந்தது. அந்தச் சிலர் யார் என்று எழுதவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அப்படியானால் குழாய் எதற்கு? இராக்கிடம் 81 மி.மீ. ராக்கெட் இருந்தது, இத்தாலிய மெடூசா ராக்கெட்டைப் பார்த்துச் செய்தது. பழைய சரக்கு வெளியில் கிடந்து அரித்துப்போனது. அதனால்தான் புதிதாக வாங்குவதற்குப் பூச்சு கேட்டார்கள்.

2003 பிப்ரவரி 5-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல், சாதாரண ராக்கெட்டுக்கு இவ்வளவு துல்லியமான டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் விலகல்) எதற்கு என்று கேட்டார். படித்தவர்களை மடக்கிய கேள்வி இது. பட்டறைக்காரனை மடக்காது. எங்கள் ஷாப்புக்கு ஒரு முறை பம்புக்கான புஷ் ஒன்றின் டிராயிங் வந்தது. 0.1 மி.மீ. விலகினாலும் வேலை செய்யும் சாமான். வரைந்த இளம் பொறியாளர் 0.02 என்று போட்டிருந்தார். ஏன் என்று ஃபோர்மேன் கேட்டதற்கு, முந்தைய முறை கசிந்தது, இந்த முறை குறை வரக் கூடாது என்று பதில் வந்தது. இரண்டு நாள் மைக்ரோமீட்டரும் கையுமாக நின்றேன். இராக்கிலும் அதே கதைதான் என்று பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னார்கள். ராக்கெட் சரியாகப் போகவில்லை, குழு மாற்றிக் குழு உட்கார்ந்து டிராயிங்கை இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். முகமையின் தலைவர் முகமது எல்பரடேய் மார்ச் 7-ஆம் தேதி அதே அவையில், இந்தக் குழாய்கள் ராக்கெட்டைத் தவிர வேறு எதற்கும் என்று காட்ட ஆதாரம் இல்லை என்று அறிவித்தார். நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகச் சொன்ன கடிதங்கள் போலி என்பதையும் அன்றே சொன்னார். அதில் ஒரு கடிதம் 2000-ஆம் ஆண்டுத் தேதியிட்டது. கையெழுத்தோ பத்து வருடத்துக்கு முன்பே பதவி போன அமைச்சருடையது.

இது நடந்து பதின்மூன்றாம் நாள், மார்ச் 20, போர் தொடங்கிவிட்டது. மதியம் நான் மெஷினில் இருந்தேன். சைரன். முகமூடி எங்களுக்குத் தரவில்லை. ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டி, ஈரத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரே அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பத்து நாளில் குவைத் நகரக் கடற்கரையில் சூக் ஷார்க் வணிக வளாகத்தை ஒட்டி ஓர் ஏவுகணையே விழுந்தது.

செந்தூரன்

முத்து அண்ணன் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் வாசுகியின் அணிக்கும் வலுவான வாதம் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. 1991 வளைகுடாப் போர் முடிந்து ஆய்வாளர்கள் உள்ளே போனபோதுதான் தார்மியாவில் மின்காந்த முறையில் யுரேனியம் பிரிக்கும் மறைமுகக் கூடம் வெளிப்பட்டது. அதற்கு முன் பல வருடம் அதே முகமை இராக்கின் துவைதா அணு ஆய்வு மையத்துக்குப் போய் வந்து, குறையில்லை என்று எழுதிக்கொண்டிருந்தது. 1991 ஜூனில் கருவிகளை லாரியில் ஏற்றி ஒளிக்கப் போனதை ஆய்வாளர்கள் படம் எடுத்தபோது, இராக் வீரர்கள் தலைக்கு மேல் சுட்டார்கள். ஒரு முறை பொய் சொல்லி அகப்பட்டவன் மீது பத்து வருடம் கழித்தும் சந்தேகப்படுவது இயல்புதானே? ஈரான் விஷயமும் அப்படி. ஃபோர்டோ மலைக்குள் இருந்த செறிவூட்டல் கூடம் 2009-இல் தான் உலகத்துக்குத் தெரிந்தது.

லேத் முத்து

தம்பி செந்தூரன், நியாயமான பேச்சு. சந்தேகப்பட்டது தவறு என்று நான் எங்கும் சொல்லவில்லை. 1991-க்குப் பிறகு அந்தக் கூடங்களைக் கண்டுபிடித்ததும் அகற்றியதும் கையில் நோட்டும் அளவுகருவியும் வைத்துக்கொண்டு போனவர்கள்தாம். 2002 நவம்பர் 27-ஆம் தேதி அவர்கள் திரும்பப் போனார்கள். மார்ச் 7-க்குள் அணுசக்தி முகமை மட்டும் 141 இடங்களில் 218 முறை சோதித்தது. ஐ.நா. ஆயுத ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் கேட்டது சில மாத அவகாசம். மார்ச் 18-ஆம் தேதி எல்லோரையும் வெளியே எடுத்துவிட்டார்கள். பாதி அளந்துகொண்டிருக்கும்போது கனம் அளக்கும் வெர்னியரைப் பிடுங்கினால் அது சந்தேகமா? முடிவை முன்பே எடுத்தாயிற்று என்று அர்த்தம். போருக்குப் பிறகு இராக்கில் ஆயுதம் தேடிய அமெரிக்கக் குழுவின் டூல்ஃபர் அறிக்கை 2004-இல், இராக்கின் அணு ஆயுதத் திட்டம் 1991-லேயே முடிந்துபோனது என்று எழுதியது. அதற்குள் எத்தனை வீடு இடிந்துபோயிற்று.

கமலா ரா.

ஈரானுக்கு எண்களைத் தருகிறேன், இரு அணிக்கும் பயன்படும். வல்லரசுகளோடு ஈரான் செய்த 2015 அணு ஒப்பந்தத்தில் செறிவூட்டல் வரம்பு 3.67 சதவீதம், யுரேனியக் கையிருப்பு வரம்பு 300 கிலோ. முகமை தொடர்ந்து சரிபார்த்தது. 2018 மே மாதம் அமெரிக்கா விலகியது. 2021-இல் ஈரான் 60 சதவீதத்துக்குப் போனது. ஆயுதத்துக்கான 90-க்கு அங்கிருந்து தூரம் அதிகமில்லை. 2025 ஜூன் 13-ஆம் தேதி இஸ்ரேல் தாக்கியபோது 60 சதவீதச் சரக்கு ஏறக்குறைய 440 கிலோ. ஜூன் 22-ஆம் தேதி அமெரிக்கா ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணுக்கூடங்கள் மீது குண்டு போட்டது. மூன்றாம் நாள் ஈரான் நாடாளுமன்றம், முகமையோடு ஒத்துழைப்பதை நிறுத்தி வைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. இராக்கில் இல்லாத பொருள் இங்கே உண்மையில் இருக்கிறது, இதை வாசுகி அழுத்திச் சொல்லலாம். அந்தச் சரக்கைக் கணக்கெடுக்கும் முகமை ஆய்வாளர்கள் தாக்குதலுக்குப் பிறகு உள்ளே போக முடியாமல் நின்றார்கள் என்பதை எதிரணி சொல்லும். தயாராக இருங்கள்.

வாசுகி (தஞ்சை)

எல்லோருக்கும் நன்றி. தார்மியாவையும் 440 கிலோவையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் குழாய்க் கதையை நானே முதலில் மேடையில் சொல்லிவிடப் போகிறேன், எதிரணி சொல்லட்டும் என்று மறைத்து வைக்க மனம் வரவில்லை. முத்து அண்ணா, 3.3 மி.மீ., ஒரு மி.மீ. என்றால் எங்கள் கூட்டத்துக்கு எப்படிப் புரிய வைப்பது? முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்றவர்கள்.

லேத் முத்து

பிளம்பிங் கடையில் 75 மி.மீ. பிவிசி குழாய் கேளுங்கள். 81 கிடைக்காது, பரவாயில்லை. 900 மி.மீ. நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள், இடுப்பு உயரம்தான் வரும். பக்கத்துப் பட்டறையில் ஒரு வெர்னியரை இரவல் வாங்கி, முதலில் 3.3-இல் நிறுத்தி முன்வரிசையில் ஒருவர் கையில் கொடுத்து அந்த இடைவெளியை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு 1-க்கு இறக்கி அவரிடமே கொடுங்கள். பூட்டுத் திருகை இறுக்கிவிட்டுக் கொடுங்கள், கை மாறும்போது அளவு நகர்ந்துவிடும்.