ராணி எறும்பு முட்டையைத் தின்கிறதா? சாப்பாடு வைக்கட்டுமா?

புதுக்கூடு:
வணக்கம். இறக்கை உதிர்த்த கறுப்புத் தோட்ட எறும்பு ராணி (லேசியஸ் நைஜர்) ஒன்றைச் சோதனைக் குழாயில் வைத்திருக்கிறேன். அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, வாயிலும் பஞ்சு. முதலில் முட்டைகள் குவியலாக இருந்தன. இப்போது பாதிதான் தெரிகிறது. பசியில் தின்றுவிட்டதோ? சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா? தண்ணீர்ப் பக்கப் பஞ்சு வேறு மஞ்சளாகி வருகிறது.

மண்வாசி:
வைக்காதீங்க. இந்த இனத்தின் ராணிக்கு முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும்வரை இரை தேவையில்லை. இனிமேல் பறக்கப்போவதில்லை என்பதால் இறக்கைத் தசைகள் உடலுக்குள்ளேயே கரையும். அந்தச் சத்தில்தான் அது பிழைக்கிறது, புழுக்களையும் வளர்க்கிறது. இனிப்பு வைத்தால் பூஞ்சைதான் வரும்.

முதலில் குவியலை உற்றுப் பாருங்கள். எல்லாம் வழவழப்பான நீள்வட்டமா, இல்லை சில ஒரு முனை ஒடுங்கி வளைந்திருக்கின்றனவா?

புதுக்கூடு:
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சில வளைந்துதான் இருக்கின்றன. மற்றதைவிடப் பெரியவை.

மண்வாசி:
அப்படியானால் நல்ல சேதி, அவை புழுக்கள்! முட்டைகள் பொரிந்திருக்கின்றன. புழுக்களுக்குச் சில முட்டைகள் இரையாவதும் உண்டு. அடுத்து அவை பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகும். ஒரு முனையில் கரும்புள்ளி தெரியும்.

இருட்டறை:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அதிர்வும் வெளிச்சமும் அதிகமானால் ராணி நிஜமாகவே முட்டைகளைத் தின்னும். குழாயைத் துணி சுற்றி இருட்டில் வையுங்கள். ஃபிரிட்ஜ் மேலேயோ ஸ்பீக்கர் பக்கத்திலோ வேண்டவே வேண்டாம். வாரம் ஒருமுறை எட்டிப்பார்த்தால் போதும். ஆசை அடங்காது, தெரியும், ஆனாலும் பொறுங்கள்.

பஞ்சு மஞ்சளானால் பரவாயில்லை. தண்ணீர் தீர்ந்தால் மட்டும் புதுக் குழாயை வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டுங்கள். பழையதில் வெளிச்சம் படட்டும், புதியதை மூடிவிடுங்கள். ராணி தானே குடிபெயரும், தட்டிக் கொட்டாதீர்கள்.

புதுக்கூடு:
மிக்க நன்றி! வேலைக்கார எறும்புகள் வந்ததும் பெரிய கூடு வாங்கிவிடலாமா?

மண்வாசி:
அவசரம் வேண்டாம். முதல் எறும்புகள் ரொம்பப் பொடியாக இருக்கும். குண்டூசித் தலையளவு சர்க்கரைத் தண்ணீர், ஒரு செத்த பழ ஈ, இவ்வளவுதான் சாப்பாடு. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். இருபது முப்பது எறும்புகள் சேரும்வரை குழாயே வசதி. பெரிய கூட்டில் விட்டால் காலி மூலைகளில் குப்பை சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். இந்த இனத்து ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. கூடு மாற்ற உங்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது.